ரெண்டு மாச மிலிட்டரிக்காரரோட பையன் புனே ஹெட்குவார்ட்டர்ஸுக்கு எழுதுறது

தெற்கு கமாண்ட் டெரிட்டோரியல் ஆர்மி குரூப் ஹெட்குவார்ட்டர்ஸ் அதிகாரிகளுக்கு வணக்கம்ங்க.

டெரிட்டோரியல் ஆர்மின்னா சொந்த வேலைய பாத்துக்கிட்டே பகுதிநேரமா சேவை செய்யற படை. எங்கப்பா கோயம்புத்தூர்ல மில் தொழிலாளியா இருந்தவர், அப்போ வருஷத்துல ரெண்டு மாசம் மட்டும் உங்க யூனிஃபார்ம்ல இருப்பார். தெருவுல அவருக்கு பேரே "ரெண்டு மாச மிலிட்டரி" தான். நக்கலா தான் சொல்லுவாங்க, அவரும் சிரிச்சுக்கிட்டே போயிடுவார், ஆனா வீட்டுக்கு வந்து பூட்ஸை பாலிஷ் போடுற வேகத்துலயே கோவம் தெரிஞ்சிரும்.

இப்ப எதுக்கு எழுதுறேன்னா, 2024 நவம்பர்ல கோயம்புத்தூர்ல ஆள் சேர்ப்பு நடந்துச்சுல்ல, அங்க என் அக்கா பையனை கூட்டிட்டுப் போயிருந்தேன். அவ்ளோ கூட்டம். நைட்டெல்லாம் ரோட்டோரம் படுத்திருந்த பசங்க கிட்ட பேச்சு குடுத்தா முக்காவாசி பேருக்கு டெரிட்டோரியல் ஆர்மின்னா என்னன்னே தெரியல, ரெகுலர் ஆர்மின்னு நெனச்சு வந்திருக்காங்க. உங்க விளம்பரத்துலயே முழுநேர வேலைக்கு உத்தரவாதம் கிடையாதுன்னு போட்டிருக்கீங்க தான், ஆனா அதை யாரு தமிழ்ல உக்காந்து புரிய வெச்சாங்க?

1949 அக்டோபர் 9 அன்னிக்கு இந்த படையை தொடங்கி வெச்சது அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த நம்ம ராஜாஜி. கள்ளுக்கடைய மூடுன காந்திக்காரர் கையால ஒரு படை ஆரம்பிச்சிருக்கு, இதுவே நம்மூர்ல பல பேருக்கு தெரியாது. அதுக்கு முன்னாடி 1920ல வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துல இருந்தே இதுக்கு வேர் இருக்கு. 1962, 65, 71 மூணு சண்டையிலயும் இவங்க இருந்திருக்காங்க. ரயில்வே ஆளுங்க, எண்ணெய் கம்பெனி ஆளுங்களுக்குன்னே தனி யூனிட் போட்டிருக்காங்க. சுண்ணாம்புக்கல்லு வெட்டி மொட்டையாக்குன முசூரி மலையில மரம் நட 1982ல கட்வால்ல (இப்போ உத்தரகாண்ட்) ஒரு பட்டாலியனே ஆரம்பிச்சாங்க, ரிடையரான சிப்பாய்ங்கள வெச்சு. துப்பாக்கி பிடிச்ச கையி நாத்து நட்டதை அப்பா சொல்லித்தான் நான் கேட்டிருக்கேன்.

தோனியும் மோகன்லாலும் டெரிட்டோரியல் ஆர்மி யூனிஃபார்ம் போட்ட போட்டோ எல்லாரு போன்லயும் இருக்கு. தப்பில்ல. ஆனா 2022 ஜூன் 30 மணிப்பூர் நோனியில, ரயில் பாதை வேலைக்கு காவலா இருந்த 107வது பட்டாலியன் கேம்ப் மேல மலையே சரிஞ்சு இருபதுக்கும் மேல டெரிட்டோரியல் ஆர்மி ஆளுங்க செத்தாங்களே, அதை இங்க எத்தன பேர் பேசுனாங்க? 2024 வயநாடு நிலச்சரிவுல கோழிக்கோட்டுல இருந்து 122வது பட்டாலியன் போய் நின்னுச்சு, அங்கயும் மோகன்லால் வந்தது தான் நியூஸ்.

இன்னொன்னு, இது சொந்த வலி. ஒரு தடவ அப்பாவ எம்பாடி பண்ணிட்டாங்க, அதாவது முழுநேர டியூட்டிக்கு கூப்ட்டாங்க, முடிச்சு திரும்பி வந்தா மில்லுல அவர் இடத்துல வேற ஆள். ஆறு மாசம் அலைஞ்சார். கூப்பிட்டு போனவனுக்கு திரும்ப பழைய வேலைய குடுக்கணும்னு 1948 டெரிட்டோரியல் ஆர்மி சட்டத்துலயே 7ஏ பிரிவுன்னு ஒன்னு இருக்காம், எங்களுக்கு அது தெரியவந்தப்போ அவர் வயசாகி வீட்ல உக்காந்துட்டார். அந்த மேனேஜருக்கும் அது தெரியாதுன்னு தான் இன்னிக்கும் நெனச்சுக்கறேன், தெரிஞ்சே பண்ணிருந்தா நெனக்கவே கசக்குது.

2025 மே மாசம் வேற 32 காலாட்படை பட்டாலியன்ல 14ஐ எம்பாடி பண்ணலாம்னு ஆர்டர் வந்துச்சு, 2028 பிப்ரவரி வரைக்கும் செல்லும். அப்போ இன்னும் எத்தன வீட்ல இதே கதை நடக்கும்னு யோசிச்சு பாருங்க. முதலாளிங்களுக்கு அந்த 7ஏ பத்தி தமிழ்ல ஒரு லெட்டராச்சும் நீங்களே அனுப்பலாம்ல.

அப்புறம் உங்க கீழ இருக்குற பட்டாலியன் ஒவ்வொன்னும் எப்ப ஆரம்பிச்சது, எங்கெங்க போச்சு, யார் யார் திரும்பி வரல, இதை தமிழ்ல ஒரு சின்ன புஸ்தகமா போட்டு அடுத்த ஆள் சேர்ப்புல வரிசையில நிக்கிற பசங்க கையில குடுங்க. பெரிய செலவு ஒன்னும் ஆகாது. முதல் காப்பி எங்கப்பாவுக்கு வேணும்ங்க, வயசு 71, கண்ணாடி போட்டும் பொடி எழுத்து தெரியறதில்ல, அதனால கொஞ்சம் பெருசா அச்சடிங்க.