பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் எழுத்துச் சொல்லித் தந்த சேச்சிக்கு

பொள்ளாச்சியிலிருந்து குடிவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பஸ் போர்டெல்லாம் மலையாளம். கொழிஞ்சாம்பாறை பஸ் எதுவென்று தெரியாமல் அரை மணி நேரமாக நின்றிருந்தேன். "தமிழா? எங்கே போகணும்?" என்று கேட்டீர்கள்.

பஸ்ஸைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீங்களோ பக்கத்தில் உட்காரவைத்து, மளிகை ரசீதின் பின்பக்கம் ஊர்ப்பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி, நேரே தமிழ் எழுத்தைப் போடச் சொன்னீர்கள். ழகரம் மலையாளத்திலும் உண்டு என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்! அப்புறம் டீக்கடையில் ரோஸ் நிறத்தில் வைத்த தண்ணீரைத் தொடத் தயங்கினேன். "பதிமுகம்ங்கிற மரச்சீவல் போட்டுக் காய்ச்சிய வெள்ளம், தைரியமாகக் குடி" என்றீர்கள். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

பெயர் கேட்க விட்டுப்போச்சு சேச்சி. ரசீது இன்னும் பர்ஸில் இருக்கிறது. இப்போது போர்டை நானே படித்து ஏறுகிறேன். ரொம்ப நன்றி.