கோமதிக்கு: ஒரு நாளைக்கு ஒரு திசை

தாம்பரம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளச் சொல். குனிந்து நிமிருகிற வேலை எதுவும் வேண்டாம். இங்கே நாங்கள் சுகம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றதும் கல்வெட்டு வாசிக்கிற வகுப்பில் சேர்ந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, இப்போது சோழர் காலத்து எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகிறேன். இத்தனை வருஷம் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுத்ததை, சுவருக்கு முன்னால் நின்று நானே வாசிக்கிறபோது உடம்பு சிலிர்க்கிறது கோமதி.

மார்கழியில் மகள் வீட்டுக்கு வருகிறாய், பேரனுக்கு அரையாண்டு விடுமுறை என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை போட்ட திட்டத்தையும் படித்தேன். ஒரே நாளில் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், காஞ்சிபுரம். மறுநாள் செஞ்சியும் திருவண்ணாமலையும். பிள்ளை ஆசையாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அப்படிப் போனால் பார்ப்பதைவிடக் காரில் உட்கார்ந்திருப்பதுதான் அதிகமாக இருக்கும். நம் பக்கத்துக் கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. மாமல்லபுரத்தை முடித்துக்கொண்டு காஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தால் பூட்டின கதவைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு திசை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

முதலில் கடற்கரைப் பக்கம். மகள் வீடு பழைய மாமல்லபுரம் சாலையிலேயே இருக்கிறதால் உங்களுக்கு அது எளிது. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நகராது. வாரநாளில் விடிவதற்குள் கிளம்புங்கள். அந்தப் பெரிய பாறைச் சிற்பம், அர்ச்சுனன் தபசு என்கிறோமே, அது கிழக்கே பார்த்திருக்கிறது. காலை வெயில் முகத்தில் விழுகிறபோதுதான் ஒவ்வொரு உருவமும் பாறையிலிருந்து பிரிந்து வரும். பதினோரு மணிக்கு மேல் போனால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும்.

அங்கே பேரனிடம் தவம் செய்கிறவன் அர்ச்சுனனா பகீரதனா என்கிற சண்டையெல்லாம் முதலில் எடுக்காதே. யானையின் தந்தத்துக்குக் கிட்டே ஒரு பூனை ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறது, அதன் காலடியில் எலிகள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல். பிறகு பின்னங்காலால் முகத்தைச் சொறிகிற மானைக் காட்டு. அந்த மானைச் செதுக்கினவன் ஆடுமாடோடு வளர்ந்தவனாகத்தான் இருந்திருப்பான். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். அங்கே ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. உன் அப்பா தொழுவத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும், பார்.

ஐந்து ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே சீட்டுத்தான், அன்றைக்குள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும், சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். ரதங்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லைக் குடைந்தது. கடற்கரைக் கோயில் அப்படியில்லை. கல்லை அடுக்கிக் கட்டியது, பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது, 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். குடைந்ததிலிருந்து கட்டுவதற்கு நம் ஊர்க் கல்தச்சர்கள் போன வழியை அந்த ஒரு ஊருக்குள்ளேயே நடந்து பார்த்துவிடலாம்.

திரும்புகிற வழியில் சாளுவன்குப்பத்தில் கட்டாயம் இறங்குங்கள். புலிக்குகையைப் பார்க்கத்தான் எல்லோரும் நிற்பார்கள். அதற்குக் கொஞ்சம் வடக்கே, 2004 சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் வெளிப்பட்ட கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். ஒரு முருகன் கோயில் கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கல் கட்டடம், அதற்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம். கல்லில் செய்த வேல் ஒன்றும் நிற்கிறது. கூட்டமே இருக்காது. கடல் இரைச்சலில் அந்தச் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதே சுனாமி நம் கடற்கரையில் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயிற்று என்பதும் அங்கே நினைவுக்கு வராமல் இருக்காது.

திருக்கழுக்குன்றம் மலைப்படி உன் முழங்காலுக்கு ஆகாது. செஞ்சியும் அப்படித்தான். 2025-இல் மராட்டியர் கோட்டைகளோடு அதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், பெருமைதான். அங்கே ராஜகிரி மலை ஏற இளவட்டத்துக்கே மூச்சு வாங்கும். மாப்பிள்ளையும் பேரனும் தனியாகப் போய் வரட்டும். நாம் இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்ப்போம்.

அடுத்தது பாலாற்றுத் திசை. இந்த நாளுக்குத்தான் நான் உங்களோடு வருகிறேன். இதை மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

காலை ஏழரைக்குள் காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இருக்க வேண்டும். ஊரின் மேற்குக் கோடியில், பட்டுக்கடை நெரிசலுக்கு வெளியே இருக்கிறது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். சுற்றிலும் 58 சின்னச் சன்னதிகள். சிலவற்றில் மட்டும் பழைய ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. சிவன், உமை, குழந்தை முருகன் மூவரும் சேர்ந்த சோமாஸ்கந்தர் ஓவியம் ஒன்றில், உருவம் பாதிக்கு மேல் அழிந்துபோயும் கோடு எவ்வளவு உறுதியாக ஓடியிருக்கிறது என்று தெரியும். கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு பார்க்க வேண்டும், உடனே தெரியாது. சுவரில் கிரந்த எழுத்தில் ராஜசிம்மனுடைய பட்டப்பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன, 200-க்கும் மேல். என் ஆசிரியர் அதில் சிலவற்றை வாசித்துக் காட்டினார். கடைந்தெடுத்த எழுத்து, சிற்பத்துக்குச் சமம்.

அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது வெட்டியது. பிடித்தவன் ஊரைக் கொள்ளையடிக்கவில்லை, இந்தக் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதிவைத்திருக்கிறான். நூறு வருஷம் முன்னால் பல்லவன் சாளுக்கியர் தலைநகர் வாதாபியை எரித்த கதை நமக்குத் தெரியும். அதன் பிறகு அந்தச் சாளுக்கிய வம்சத்தான் ஒருவன் இங்கே வந்து இப்படிச் செய்திருக்கிறான். காஞ்சியில் எனக்கு மிகவும் பிடித்த கல் அதுதான். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள் என்று நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது.

அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், வைகுண்டப் பெருமாள் கோயில். நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும். அங்கே திருச்சுற்று முழுக்கப் பல்லவ வம்சத்தின் கதையைப் படம் படமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வாரிசில்லாமல் அரியணை காலியானபோது, கிளைவழியில் வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்துவந்து முடிசூட்டுகிறார்கள். அவன்தான் பிற்பாடு இரண்டாம் நந்திவர்மன், இந்தக் கோயிலைக் கட்டியவன். பேரனுக்கும் அதே வயசுதானே? அந்தச் சிற்பத்துக்கு முன்னால் அவனை நிறுத்தி, நீயாக இருந்தால் போயிருப்பாயா என்று கேள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு மேல் கட்டுச்சோறு. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கொண்டுவருகிறேன். வரதராஜப் பெருமாள் கோயிலின் பெயர்பெற்ற காஞ்சிபுரம் இட்லி, மிளகு, சீரகம், சுக்குத் தட்டிப் போட்டது, கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளலாம். நடை சாத்தியிருக்கிற அந்த நாலு மணி நேரத்தை வீணாக்காமல் உத்தரமேரூருக்கு வண்டியை விட்டுவிடலாம்.

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சின்னது. பார்த்தவுடன் இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றலாம். சுவர்தான் அங்கே விஷயம். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டின கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாக, இன்றைய வார்டு மாதிரி, பிரித்து, ஊர் வேலையைப் பார்க்கும் வாரியங்களுக்குக் குடும்புக்கு ஒருவரைக் குடவோலை மூலம் எடுக்க வேண்டும். கால் வேலி (பழைய நில அளவு) அளவுக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மட்டுமில்லை, அவன் உறவுக்காரர்களுக்கும் இடம் கிடையாது. ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ஏரியைப் பார்க்கத் தனி வாரியம், தோட்டத்துக்குத் தனி வாரியம். அது பிராமணர் ஊர், நிலமுள்ள ஆண்களுக்குள் நடந்த தேர்வு, நீயும் நானும் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. அதையும் பேரனிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்ன பிறகும், கணக்கைக் காட்டாதவனுக்குப் பதவி இல்லை என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஊர் கல்லில் வெட்டிவைத்தது சாதாரணமா? மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் விழுகிறபோது எழுத்து எழும்பித் தெரியும். நான் ஒரு வரியை விரல் படாமல் காட்டிக்கொண்டே வாசிக்கிறேன், பேரன் பின்னாலேயே சொல்லட்டும்.

திரும்பும்போது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேருகிற இடம். அங்கே வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. கோயில் நடத்திய பாடசாலை, மாணவர் விடுதி, அதோடு 15 கட்டில் போட்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, வைத்தியருக்கு இவ்வளவு நெல், மருந்து பறித்துவருகிறவருக்கு இவ்வளவு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு இவ்வளவு என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறது. என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் உண்டு. அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறவள் நீ, அந்தப் பட்டியலைக் கேட்டால் உனக்கு வேறு மாதிரி படும். நடை திறக்கும் நேரத்தை நான் முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன். அங்கிருந்து ஆற்றைக் கடந்து பழையசீவரம் வழியாகச் செங்கல்பட்டுச் சாலையைப் பிடித்தால் இருட்டியதும் வீடு.

வடக்கே போக இன்னொரு நாள் மிஞ்சினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம். துணி வாங்க வந்தவர்கள் நம் ஆட்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றிய துறைமுகம் அது என்பதை மறந்துவிட்டு அந்த அலங்காரக் கல்லறைகளை என்னால் ரசிக்க முடியவில்லை. மார்கழியில் ஏரிக்குப் பூநாரை வரும், பேரனுக்குப் பிடிக்கும்.

பூண்டியில் ஒரு தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. அதிரம்பாக்கத்தில் எடுத்த கற்கோடரிகளைப் பார்க்கலாம். அங்கே மனிதன் கருவி செய்தது 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியது என்று 2011-இல் வெளியிட்டார்கள். அதிரம்பாக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிரிட்டிஷ் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு முதல் கோடரி கிடைத்தது எங்கே தெரியுமா? 1863 மே 30, பல்லாவரத்தில். நான் தினமும் ரயிலில் கடக்கிற ஊர்!

செருப்பைக் கழற்றிவிட்டுக் கருங்கல்லில் நடக்கத் தடித்த காலுறை ஒன்று எடுத்து வை. கைலாசநாதரில் கருவறையைச் சுற்றி ஊர்ந்து போகிற குறுகல் வழி ஒன்று உண்டு, எல்லோரும் உசுப்புவார்கள், நீ போகாதே. மழை மார்கழி முதல் வாரத்திலும் இருக்கலாம், அதனால் பயணத்தை டிசம்பர் கடைசிக்குத் தள்ளி வை. விசேஷ நாளாக இருந்தால் காஞ்சிக்குள் வண்டி நுழையாது, காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்போம்.

உன் மாடி வீட்டுக்குக் குடித்தனம் யாராவது வந்தார்களா? அதை எழுதாமலே விட்டுவிட்டாய். அண்ணனையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, இவருக்கும் பேச்சுத்துணை வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்ததும் போன் பண்ணு, தாம்பரத்திலேயே இறங்கிவிடு, நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்
சண்முகவடிவு