ஆஷூரா நாளில் காக்காவுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா,

நோன்பு பிடிக்க ஸஹருக்கு எழுந்ததும் உங்கள் ஞாபகம்தான். போன் செய்யக் கை வரவில்லை. ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் பள்ளிவாசல் கணக்கு விவகாரத்தைத் தொடவில்லை. யார் எந்தப் பக்கம் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாம் வாதாடிய அந்த மொட்டைமாடி இரவு மட்டும் விட மாட்டேன் என்கிறது. உமையா கலீஃபாக்களுக்காக இராக்கை ஆண்ட ஹஜ்ஜாஜை நான்தான் பேச்சில் இழுத்தேன். தொழுகையை நேரம் தப்ப விட்டவன், முஸ்லிமல்லாதவர்கள் கட்டும் ஜிஸ்யா வரியை இஸ்லாத்துக்கு வந்தவர்களிடமும் வாங்கியவன், பிழைக்க நகரத்துக்கு வந்த அவர்களைக் கிராமத்துக்கே விரட்டியவன். ஸயீத் இப்னு ஜுபைர் மாதிரி மார்க்கம் படித்த ஓர் ஆலிமே ஹஜ்ஜாஜை எதிர்த்துக் கிளம்பிய இப்னுல் அஷ்அஸின் படையில் நின்றாரே, அப்புறம் என்ன கீழ்ப்படிதல் என்று கேட்டேன். அந்தப் படை முதலில் திரும்பியது மார்க்கத்துக்காகவா, தூரத்து ஸிஜிஸ்தானில் சண்டை போட்டு அலுத்துப்போனதாலா என்று நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள். அந்தக் காலத்து ஆலிம் ஹஸன் பஸரீயைச் சொன்னீர்கள்: ஹஜ்ஜாஜ் அல்லாஹ்வின் தண்டனை, வாளால் தடுக்காதீர்கள், அழுது மன்றாடுங்கள்.

"680இல் ஆஷூரா அன்று கர்பலாவில் நபியின் பேரர் ஹுஸைனை வெட்டும்போதும் உங்களைப் போன்றவர்கள் வீட்டில் துஆ கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்" என்றேன்.

பிளாஸ்க் மூடியைத் திருகிவிட்டுச் செருப்பைத் தேடினீர்கள். ஒன்று என் காலடியில் கிடந்தது. நான் காலை நகர்த்தவில்லை.

அதற்குத்தான் மன்னிப்பு கேட்கிறேன். வாதத்துக்கு இல்லை. தட்டிக் கேட்க ஆளில்லாத ஆட்சியிடம் பொறுமை என்று எத்தனை நாள் சொல்வது?

சரி, ஒன்றை அன்று வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இரு படைகளும் மோதிய தைருல் ஜமாஜிமில் கலீஃபா அப்துல் மலிக் இறங்கி வந்தார். ஹஜ்ஜாஜை நீக்குகிறேன், ஷாம் (சிரியா) படைக்குக் கொடுப்பதையே உங்களுக்கும் கொடுக்கிறேன் என்றார். இப்னுல் அஷ்அஸுக்கு அதில் சம்மதம். அவருடைய ஆட்கள்தான் மறுத்தார்கள், தோற்றார்கள். என்னிடமும் சமாதானம் பேச ஒருவர் வந்தார். திண்ணையோடு திருப்பி அனுப்பினேன். அனுப்பியது நீங்கள் என்று போன மாதம்தான் தெரிந்தது.

ஏன் காக்கா, நீங்களே வந்திருக்கக் கூடாதா? வாப்பா இருந்திருந்தால் வந்திருப்பார்.

ஸயீத் மக்காவில் பிடிபட்டு 714இல் தலையைக் கொடுத்தார். கூடவே கலகம் செய்த இன்னோர் ஆலிம் ஷஅபீயோ ஹஜ்ஜாஜ் முன்னால் நின்று, நாங்கள் அதில் நல்லவர்களாகவும் இல்லை, பலமுள்ள பாவிகளாகவும் இல்லை என்று சொல்லித் தப்பினார். படிக்கும் காலத்தில் அவரைக் கோழை என்பேன், நீங்கள் சிரிப்பீர்கள். நேற்று கமிட்டியிலிருந்து விலகிக் கடிதம் கொடுத்துவிட்டேன். இப்போதும் சிரியுங்கள்.

மஃரிபுக்கு உங்கள் வீட்டில்தான் நோன்பு திறப்பேன். பிள்ளைகள் முன்னால் மட்டும் ஹஜ்ஜாஜ் பேச்சு வேண்டாம்.

தம்பி