பாட்டைப் படிக்க ஒரு பாடவேளை கொடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் பாடத்திட்டக் குழுவினருக்கும், தமிழ் வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் தமிழாசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளி மாடியில் நின்றால் பிரான்மலை தெரியும். பாரியின் பறம்புமலை அதுதான் என்று எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிவாரத்துக் கோயிலுக்கும் உச்சியில் இருக்கும் தர்காவுக்கும் போய்வந்த பிள்ளைகள் அவர்கள். அந்த மலையையும் தந்தையையும் இழந்த பாரி மகளிரின் பாட்டு, புறநானூற்றின் 112-ஆவது பாட்டு, உங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகவே இருக்கும்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

அந்தந்த ஆண்டுப் பாடநூலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதை வகுப்பில் படித்துவிடுவேன். வழக்கமான முறை உங்களுக்குத் தெரியும். திணை பொதுவியல், துறை கையறுநிலை (இழப்பின் முன் செயலற்று வருந்துதல்) என்று கரும்பலகையில் எழுத வேண்டும். அருஞ்சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அலகிட்டு வாய்பாடு. அதற்குள் மணி அடித்துவிடும். கையறுநிலை என்பதை ஒரு மதிப்பெண் விடையாக எழுதத் தெரிந்த பிள்ளை, பாட்டுக்குள் கையற்று நிற்கும் இரண்டு பெண்களைப் பார்க்காமலேயே அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

ஒருமுறை பொருள் எதுவும் சொல்லாமல், பாட்டை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, போன மாதத்தைச் சொல்லும்போது அப்பாவை முதலில் சொல்கிறார்கள், மலையை அடுத்துச் சொல்கிறார்கள். இந்த மாதத்தில் மலை முதலில் வந்துவிடுகிறது. அப்பா இல்லை என்பதைச் சொல்ல முடியாமல் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள்” என்றாள். இத்தனை ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு அது தோன்றியதே இல்லை. உடனே இன்னொரு மாணவன், பாரியைச் சூழ்ச்சியால் கொன்றவர்களை ‘வென்றெறி முரசின் வேந்தர்’, அதாவது வென்று முரசு கொட்டும் அரசர்கள், என்று ஏன் புகழ வேண்டும் என்று கேட்டான். அது இகழ்ச்சிக் குறிப்பு என்று உரையில் இருக்கிறது. உரையைப் பார்க்காமலேயே அந்த இடத்தைத் தொட்டுவிட்டான். அந்தப் பாடவேளையில் நான் பேசியது மிகக் குறைவு.

அந்த மாணவி சொன்னதை எழுத உங்கள் வினாத்தாளில் இடம் எங்கே? மேல்நிலை வகுப்பின் ‘பா நயம் பாராட்டுக’ வினாதான் அதற்கான இடம். ஆனால் மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம் என்று தலைப்பிட்டு எழுதுவதே அங்கே பழக்கமாகிவிட்டது. விடைத்தாள் திருத்தியவர்கள் எல்லோரும் ‘காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை’ என்ற தொடரைத் தாள்தோறும் பார்த்திருப்பார்கள். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதே பத்தி, அதே பாராட்டு. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் அவர்கள் எழுதுவார்கள்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கவிதைத் தெரிவு நன்றாகவே இருக்கிறது. அதைத் தயாரித்தவர்களுக்கு என் நன்றி. சிக்கல் வினாத்தாளில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்யுளை மனப்பாடம் செய்யச் சொல்வதே தவறு என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ‘அடிமாறாமல் எழுதுக’ என்ற வினாவுக்காகத்தான் சிறுவயதில் இந்தப் பாட்டை நானும் உருப்போட்டேன். அப்போது ஒன்றும் புரியவில்லை. என் அப்பா இறந்து, வைத்தியச் செலவுக் கடனுக்காக எங்கள் நிலமும் கைமாறிய பிறகு ஒரு பௌர்ணமியன்று இந்த ஐந்து அடிகளும் தாமாக வாய்க்கு வந்தன. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யாரும் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. போனதைப் போனது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் துணிவு. அன்றைக்கு அது எனக்குத் தேவைப்பட்டது. மனத்தில் பாட்டு இல்லாதிருந்தால் எங்கே போய்த் தேடியிருப்பேன்? ஆகவே மனப்பாடப் பகுதியில் கைவைக்காதீர்கள்.

நான் கேட்பவை சிறியவை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பாட்டுக்காவது, வாய்விட்டுப் படிக்கவும் பேசவும் மட்டும் ஒரு முழுப் பாடவேளையைப் பாடத்திட்டத்திலேயே எழுதிவையுங்கள். தலைமையாசிரியரோ ஆய்வு அலுவலரோ கேட்டால் நாங்கள் காட்டுவதற்கு அது வேண்டும். பா நயம் வினாவில் தலைப்புகளை எடுத்துவிட்டு, ‘இப்பாட்டில் உன்னை நிறுத்திய இடம் எது, ஏன்?’ என்று கேளுங்கள். பாட்டிலிருந்தே சான்று காட்டினால் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் சேருங்கள்.

திருத்துவதில் சீர்மை இருக்காது என்பீர்கள். கட்டுரை வினாவை இன்றும் ஒரே விடை இல்லாமல்தானே திருத்துகிறோம்? அதே கண்ணோடு இதையும் திருத்த எங்களால் முடியும். என் வகுப்புப் பிள்ளைகள் இந்த வினாவுக்கு எழுதிய விடைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்டால், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்டத் தமிழாசிரியர் ஒருவர்