சோற்றில் கலந்த மருந்து

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே கைக்கு வந்துவிட்டது. உடனே இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருந்த கேள்வி இரண்டு வரியில் அடங்குவதாக இல்லை. இங்கே எல்லோரும் நலம். மகள் பட்ட மேற்படிப்புக்கு மனநல மருத்துவத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறாள். உன் கடிதத்தை அவளிடமும் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்ததும், "நீங்கள் என்ன பதில் எழுதப்போகிறீர்கள் அப்பா?" என்று கேட்டாள். ஆகவே இதை உங்கள் இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உன் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மாவை என்னால் கண்முன்னே பார்க்க முடிகிறது. மகனுக்கு இருபத்து நான்கு வயது. ஆறு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. அடுத்த வீட்டார் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்லிச் சன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறான். டாக்டரிடம் வா என்று கூப்பிட்டால், "எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம்" என்கிறான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொட்டு மருந்து எழுதித் தரும்படி அந்த அம்மா உன்னிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். எழுதித் தரலாமா கூடாதா என்று நீ கேட்கிறாய்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதித் தந்திருக்கிறேன். ஒருமுறை இருமுறை அல்ல, பல ஆண்டுகள், வாரத்துக்கு நாலைந்து குடும்பங்களுக்காவது. மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் சொட்டு மருந்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை; அதே வகையான ரிஸ்பெரிடோன் திரவத்தைத் தேநீரில் கலக்கக் கூடாது, காப்பியில் கலக்கலாம் என்றெல்லாம் தாய்மார்களுக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு அதில் தேர்ந்திருந்தேன். நம் துறையில் இது யாரும் அறியாத இரகசியமும் அல்ல. சென்னையில் மனச்சிதைவு நோய்க்கான ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2002-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மருந்தை மறுத்த மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களில் கணிசமானவை எப்போதாவது உணவில் மறைத்துக் கொடுத்தவையே. புறநோயாளிகள் பிரிவில் ஒரே காலையில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, மறுக்கும் நோயாளியின் வீட்டாரிடம் பேசி முடிப்பதைவிடச் சொட்டு மருந்து எழுதுவது எளிது. அதனால்தான் எழுதினேன். அந்தத் தாயின் கண்ணீருக்காக எழுதினேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இல்லாததும் அதில் பெரும்பங்கு என்பதை ஒத்துக்கொள்ளச் சில நிகழ்வுகள் தேவைப்பட்டன.

ஒன்று, ஒரு பாலிடெக்னிக் மாணவன். அவனை நான் பார்த்ததே இல்லை. தாயும் மாமாவும் வந்து வாங்கிப் போனார்கள். மூன்றாம் நாள் மாலை அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகி நின்றன. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. இளம் ஆண்களுக்கு ஹாலோபெரிடால் தொடங்கிய சில நாட்களில் இப்படி நேர்வது உனக்கே தெரியும். ஒரு புரோமெத்தசின் ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் தான் மருந்து சாப்பிடுவதே அவனுக்குத் தெரியாது. தாய்க்குத் தெரியும், ஆனால் சொன்னால் குட்டு உடைந்துவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை. செய்வினை என்று சொல்லி இரவோடு இரவாக மந்திரிக்க அழைத்துப் போய், மறுநாள் நண்பகலில்தான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். பதினெட்டு மணி நேரம் அந்தப் பிள்ளை தன் கழுத்தை யாரோ முறுக்குகிறார்கள் என்று நம்பிக்கொண்டு கிடந்தான். ஊசி போட்டு நேரானதும், என்னைப் பார்த்து, "எனக்கு என்ன சார் ஆச்சு?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நான் அன்று உண்மையான பதிலைச் சொல்லவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒரு தையற்காரர். தன் சோற்றில் மனைவி விஷம் வைக்கிறார் என்பதுதான் அவருடைய நோயின் மையமே. அந்த மனைவியின் கையால் அதே சோற்றில் நான் மருந்தைக் கலக்கச் சொன்னேன். இரண்டு ஆண்டுகளில் நன்றாகத் தேறினார். கடைக்குப் போனார், ரவிக்கை அளவெடுத்தார், பேத்தியின் காதுகுத்துக்கு முன்னின்றார். அந்த நிம்மதியில் ஒருநாள் மனைவி உள்ளதைச் சொல்லிவிட்டார். தையற்காரர் கோபப்படவில்லை, அடிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு ஏழெட்டு மாதம் வாழைப்பழமும், தானே அவித்துத் தானே தோலுரித்த முட்டையும், கண்ணெதிரே சீவித் தந்த இளநீருமே அவருக்கு ஆகாரம். யாரும் எதையும் கலக்க முடியாதவையாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டார். என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் சொன்னது நிசந்தானே டாக்டர்?" நண்பா, அது நிசந்தான். அவருடைய பொய்யான நம்பிக்கையை மெய்யாக்கியவன் நான். அன்றிலிருந்து நான் யாருக்கும் மறைத்துக் கொடுக்க மருந்து எழுதுவதில்லை.

மூன்றாவதாக ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்குப் புத்தி சரியில்லை, மருந்து வேண்டும் என்று அண்ணன் ஒருவர் வந்தார். அறிகுறிகளை அச்சுப் போட்டதுபோல் ஒப்பித்தார். தம்பியைப் பார்க்காமல் தர மாட்டேன் என்று சொல்லி, செவிலியரை வீட்டுக்கு அனுப்பி விசாரித்தபோது, தம்பிக்கு எந்த நோயும் இல்லை. பாகப்பிரிவினை வழக்குத்தான் இருந்தது. நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் நாம் எழுதும் சீட்டு யார் கையில் எதற்குப் பயன்படும் என்பது நமக்குத் தெரியாது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவருக்கும் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்ற இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. திறன் இல்லை என்று தோன்றினால் அதை மருத்துவர்தான் பரிசோதித்துக் காட்ட வேண்டும். ஒளித்துக் கொடுப்பதற்கு அதில் இடமில்லை. ஆனால் குடும்பத்தை நட்டாற்றிலும் அது விட்டுவிடவில்லை. தனக்கோ பிறருக்கோ பெருங்கேடு நேரும் நிலையில், 94-ஆம் பிரிவின்படி, பதிவுபெற்ற எந்த மருத்துவரும், அதாவது நீயும், நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளியின் சார்பில் முடிவெடுக்க உதவ நியமிக்கப்பட்டவர், இருந்தால் அவருடைய சம்மதத்தோடு 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். மனநல நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதில் அடக்கம். அதற்கு மேல் தேவையானால், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, 89-ஆம் பிரிவின்படி 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம்.

சட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் 2008 முதல் இருப்பதுபோல், வீடு திரும்பியவரை நிபந்தனைகளோடு கண்காணித்து, நோய் திரும்பினால் மருத்துவமனைக்கு மீண்டும் அழைக்கும் ஏற்பாடு இங்கே கிடையாது. உன் நோயாளியைப் போல, யாரையும் அடிக்காமல், தன்னையும் மாய்த்துக்கொள்ள முயலாமல், அறைக்குள் அடைந்து கிடப்பவர்களுக்குச் சட்டம் சொல்வது மிகக் குறைவு. சட்டத்தை எழுதியவர்கள், வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளர்கள் இருப்பார்கள் என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். நமக்கோ ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடத் தேறவில்லை. 2015-16-இல் பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, சிகிச்சை தேவைப்படுவோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்று கணக்கிட்டது. இந்த இடைவெளியில்தான் ஒரு தாய் சாம்பார்க் கரண்டியோடு தனியாக நிற்கிறார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் மாண்டார்கள். இறந்தவர்கள் மொத்தம் 28 பேர். பிள்ளைகளை அங்கே விட்டுவந்த குடும்பங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று அன்று பலர் ஏசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. சொட்டு மருந்து கேட்டு வரும் தாயையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழாது.

ஆகவே வெறுமனே 'கூடாது' என்று சொல்லி அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடாதே. அப்படி அனுப்பினால் அவர் அடுத்த தெருவில் இருக்கும் மருந்துக் கடைக்குத்தான் போவார். நான் இப்போது செய்வதை எழுதுகிறேன்.

நோய் என்ற சொல்லை முதலில் எடுக்காதே. அந்தப் பையனுக்குக் கண்காணிப்பது உண்மை. அதை மறுத்து வாதாடி யாரும் வென்றதில்லை. ஆனால் அவனுக்குத் தூக்கம் இருக்காது. ஆறு மாதமாகச் சன்னலை அடைத்துக்கொண்டு காவல் இருப்பவன் எப்படித் தூங்குவான்? தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். அவன் வீட்டுக்கே நீ ஒருமுறை போ. கழுத்தில் ஸ்டெத் மாட்டிக்கொண்டு அல்ல, அவன் அப்பாவின் இரத்த அழுத்தத்தைப் பார்க்க வந்தவனாகவும் அல்ல. பொய் எதையும் சொல்லாமல், "நான் டாக்டர், உன் அம்மா கவலைப்பட்டு என்னிடம் வந்தார், நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வந்தேன்" என்று சொல். கதவைச் சாத்துவான். அடுத்த வாரமும் போ. என் அனுபவத்தில் மூன்றாவது, நான்காவது தடவையில் தூக்கத்துக்கென்று ஒரு மாத்திரையை, இன்னது என்று பெயர் சொல்லி, பக்கவிளைவும் சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தினமும் மாத்திரை வேண்டாம் என்பவர்களில் சிலர் மாதம் ஒருமுறை போடும் ஊசிக்குச் சம்மதிக்கிறார்கள். தினம் ஒருமுறை தாயிடம் சண்டை போட வேண்டியதில்லை என்பதே அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. இதற்கிடையில் தாய் நடு இரவில் தவித்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் 14416 என்ற எண்ணைக் கொடு; தமிழில் பேசுகிறார்கள்.

தேறிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மீண்டும் நோய் வந்தால் தன்னை எப்படி நடத்த வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்று ஒருவர் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வழி செய்கிறது. அந்தத் தையற்காரர் பழையபடி சாப்பிடத் தொடங்கிய பின், நானும் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து அதை எழுதினோம். அளவுக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரே தன் கையால் முதல் படியை எழுதினார். 'எனக்கு மறுபடி சந்தேகம் வந்தால் என் மச்சினனைக் கூப்பிடவும். அவன் சொன்னால் ஊசி போட்டுக்கொள்வேன். சோற்றில் எதுவும் போடக் கூடாது.' கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார். மனைவி அதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்று மட்டும் கேட்டார்.

மகள் இதைப் படித்துவிட்டு, மறைத்துக் கொடுத்ததால் பிழைத்தவர்களும் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறாள். இருக்கிறார்கள். தெருவில் அலைந்திருக்க வேண்டியவர்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொட்டு இல்லாமலும் வழி இருந்திருக்கும் என்பதை நான் தேடிப் பார்க்கவே இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுப்பு. காலைப் பேருந்தில் வந்துவிடுகிறேன். அந்த வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போவோம். அதற்குள் நீ ஒருமுறையாவது போய்ப் பார்த்து, அவன் இரவில் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எதைச் சாப்பிடுகிறான், யாருடைய குரலுக்குக் கதவைத் திறக்கிறான் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்