ஜாஸ் மறுவெளியீடு: கேட்கப்படாதவர்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல்.பி. இசைத்தட்டுகள் மறுபடி கடைக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்கள் நிறைந்த நல்ல கட்டுரை. ஆனால் ஜாஸ் பற்றிய பத்தியில், மறந்துபோன ஆல்பங்களைத் திரும்ப அச்சிடச் சொல்லிக் கேட்பது வசதி உள்ள சேகரிப்பாளர்களின் பழமை மோகம் என்று ஒரே வரியில் முடித்திருந்தது மனதை உறுத்தியது. ஹார்ட் பாப் ஜாஸைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருபவன், கையில் காசு சேரும்போது தட்டுகள் வாங்குபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஹார்ட் பாப் என்பது 1950களின் நடுவில் அமெரிக்காவின் கறுப்பினக் கலைஞர்கள் அதற்கு முந்தைய வேகமான ஜாஸ் வகையான பீபாப்பின் வேகத்தோடு ப்ளூஸையும் தேவாலயப் பாட்டின் சூட்டையும் சேர்த்து உருவாக்கிய ஜாஸ் வகை. ஆர்ட் பிளேக்கி, ஹோரஸ் சில்வர், லீ மார்கன் என்று சில பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களோடு தோளோடு தோள் நின்று வாசித்த பலரைத் தெரியாது. சேகரிப்பாளர்கள் கேட்பது இந்த இரண்டாவது கூட்டத்துக்காக.

டீனா புரூக்ஸ் என்ற டெனர் சாக்ஸபோன் கலைஞரை எடுத்துக்கொள்வோம். 1932இல் வட கரோலினாவில் பிறந்தவர். 1958 மார்ச்சில் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காகத் தன் முதல் ஆல்பமான ‘மைனர் மூவ்’ஐப் பதிவு செய்தார். டிரம்பெட்டில் லீ மார்கன், பியானோவில் சன்னி கிளார்க், பாஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் பிளேக்கி. அன்றைய நியூயார்க்கில் இதைவிட நல்ல கூட்டணி அமைவது கடினம். ஆல்பம் வெளிவரவில்லை. 1960 ஜூனில் பதிவான ‘ட்ரூ ப்ளூ’ வந்தது. அதே ஆண்டின் ‘பேக் டு தி ட்ராக்ஸ்’ ஆல்பத்துக்கு 4052 என்று வரிசை எண் கொடுத்து, அட்டை தயாரித்து, விளம்பரமும் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். 1961 மார்ச்சில் பதிவான ‘தி வெயிட்டிங் கேம்’ அலமாரிக்குள் போனது. அதற்குப் பிறகு அவர் வாசிப்பு எங்கும் ஆல்பமாகப் பதிவாகவில்லை. போதைப் பழக்கமும் உடல்நலக் கேடும் அவரைத் தின்றன. 1974இல், 42 வயதில் இறந்தார். நான்கு ஆல்பங்களுக்குத் தலைமை ஏற்றவர், உயிரோடு இருந்தபோது தன் பெயரில் கடையில் பார்த்தது ஒன்றே ஒன்று.

முதல் தடவையே யாரும் கேட்காத இசையை இன்று கேட்க விரும்புவது எப்படிப் பழமை மோகமாகும்?

‘மைனர் மூவ்’ தட்டு 2019இல் ப்ளூ நோட்டின் டோன் போயட் என்ற மறுவெளியீட்டு வரிசையில் வந்தது. இறக்குமதி வரியும் தபால் செலவும் சேர்ந்து விலை கையைக் கடித்தாலும் வாங்கினேன். ஊசியை வைத்த கொஞ்ச நேரத்தில் புரூக்ஸின் தொனி பிடிபட்டுவிடும். அவர் முழங்குவதில்லை. ஒரு சொற்றொடரைத் தொடங்கினால் தாளக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டே போய், எதிர்பாராத இடத்தில் மெதுவாக இறக்கி வைப்பார். தொண்டை அடைத்துக்கொண்டு பேசுகிறவரின் ஈரம் அதில் இருக்கிறது. பின்னால் பிளேக்கியின் குச்சி சிம்பலில் படுகிற ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் இதைப் பதிவு செய்தது நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தில். பகலில் அவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர்! அந்தக் கூடத்தில் பதிவான ஒலி அறுபது ஆண்டு கழித்தும் இவ்வளவு துலக்கமாக வருவதற்குக் காரணம், கெவின் கிரே என்ற பொறியாளர் அன்று பதிவான மூல நாடாவிலிருந்தே (டேப்) நேரடியாகத் தட்டுக்கு வெட்டியதுதான். அட்டையை விரித்தால் பிரான்சிஸ் உல்ஃப் எடுத்த படங்கள் பெரிதாக இருக்கின்றன. புரூக்ஸுக்கு வாழ்நாளில் கிடைக்காத மரியாதை இப்படியாவது கிடைத்ததே என்று தோன்றியது.

இது தானாக நடக்கவில்லை. ப்ளூ நோட் 1960களின் நடுவில் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்ட பிறகு, வெளிவராத நாடாக்களைத் தேடும் ஆள் இல்லாமல் கிடந்தது. 1975 முதல் மைக்கேல் கஸ்குனா என்பவர் நாடாக்கள் இருந்த அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு நாடாவாகப் போட்டுக் கேட்டு, யார் யார் வாசித்தது என்று அடையாளம் கண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட வெளிவராத பதிவுகளை மீட்டார். நண்பர் சார்லி லூரியுடன் மொசைக் என்ற சிறு கம்பெனியைத் தொடங்கி, 1985இல் புரூக்ஸின் நான்கு ஆல்பங்களையும் ஒரே பெட்டியாக வெளியிட்டார். ஜப்பானிய ரசிகர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. சன்னி கிளார்க்கை அமெரிக்கா மறந்திருந்த காலத்தில் ‘கூல் ஸ்ட்ரட்டின்’ ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் அவர்கள்தான். கஸ்குனா 2024இல் காலமானார். அவர் போன்ற பத்துப் பேர் வேண்டும் என்பது என் ஆசை.

ப்ளூ நோட்டுக்காவது நாடாக்கள் ஒழுங்காக மிஞ்சின. சிகாகோவின் வீ-ஜே போன்ற கம்பெனிகளின் கதை வேறு. கறுப்பினத் தம்பதியர் நடத்திய அந்தக் கம்பெனி 1966இல் திவாலானது; அதன் பதிவுகள் கை மாறிக்கொண்டே இருந்தன. அங்கே வந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃப்ராங்க் ஸ்ட்ரோசியர்’ ஆல்பத்தில் பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் அப்போது புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்துக்கொண்டிருந்தவர்கள். டிரம்பெட் புக்கர் லிட்டில், 23 வயதில் இறந்துபோன மேதை. இப்படி ஓர் ஆல்பத்தின் நல்ல பதிப்பு எப்போதும் கடையில் கிடைக்க வேண்டும். அதேபோல ஹெரால்டு லாண்டின் ‘தி ஃபாக்ஸ்’. 1959இல் லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. அதில் டூப்ரீ போல்டன் என்ற டிரம்பெட் கலைஞர் நெருப்பாக வாசித்திருக்கிறார். அவரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததே மிகக் கொஞ்சம்.

காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. 1978இல் நியூ ஜெர்சியில் நடந்த தீ விபத்தில் அட்லாண்டிக் கம்பெனியின் ஆயிரக்கணக்கான நாடாக்கள் சாம்பலாயின. 2008இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்திலும் தீ. அங்கே மூல நாடாக்கள் எவ்வளவு அழிந்தன என்பதில் இன்னும் தகராறு ஓய்ந்தபாடில்லை.

இன்னொரு பிரச்சினை, அரைகுறைப் பதிப்புகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவு உரிமைக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியபோது, ஏற்கெனவே காலாவதியான பதிவுகளுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1962 முடிய வெளிவந்த ஹார்ட் பாப் ஆல்பங்களை அங்கே யாரும் யாரையும் கேட்காமல் அச்சிடலாம். அமெரிக்காவில் இதே தட்டுகளில் பலவற்றுக்கு 2067 வரை உரிமை இருக்கிறது. நம் சட்டத்திலும் 60 ஆண்டுதான். சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக, எங்கோ கிடைத்த சி.டி.யிலிருந்து தட்டு வெட்டி, அழகான அட்டை போட்டு விற்கிறார்கள். அப்படி ஒன்று என்னிடமும் இருக்கிறது. சிம்பல் ஓசை தகரத்தில் மணல் கொட்டுவது போல் இருக்கிறது. கலைஞரின் குடும்பத்துக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று இளைஞர்கள் வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன். உரிமை உள்ள கம்பெனிகள் நாடாவைப் பூட்டி வைத்திருக்கும்வரை வேறு வழி இல்லை.

அந்தக் கம்பெனிகளிடம் சேகரிப்பாளர்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: எல்லோர் வீட்டிலும் இருக்கும் ‘ப்ளூ ட்ரெய்ன்’, ‘மோனின்’ ஆல்பங்களை நான்காம், ஐந்தாம் முறை அச்சிடும்போது, கூடவே இரண்டு தெரியாத பெயர்களையும் வெளியிடுங்கள். ‘மைனர் மூவ்’ வாங்கவும் உலகமெங்கும் ஆட்கள் இருந்தார்களே.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜாஸ் பற்றி எழுதும்போது மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன் இருவரோடு நிறுத்தாமல், மெம்ஃபிஸ் நகரம் தந்த புக்கர் லிட்டில், ஃப்ராங்க் ஸ்ட்ரோசியர் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிடுங்கள். தேவைப்பட்டால் என்னிடம் உள்ள தட்டுகளின் அட்டைக் குறிப்புகளைப் படியெடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.