வண்டிக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கோயம்புத்தூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முனகுகிறார். மற்றபடி நாங்கள் நலம்.

நேற்று இரவு மூன்று பழைய கார்களின் படங்களை அனுப்பி, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டிருந்தாய். மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன. விற்கிற வண்டியைக் கழுவித் துடைக்காமல் யார் படம் எடுப்பார்கள்? 28 வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்தவள் நான். வீட்டின் படத்தைப் பார்த்து யாரும் கிரயம் செய்வதில்லை. மூலப்பத்திரம், வில்லங்கம், அதற்குப் பிறகு நேரில் போய் நான்கு எல்லையையும் பார்ப்பது என்று ஒரு வரிசை இருக்கிறது. காருக்கும் அதே வரிசைதான். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக் வாங்குவது என்று நீ எடுத்த முடிவு சரி. வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை, மெட்ரோ வேலை நடக்கிற சாலையில், தினமும் இடது காலால் கிளட்சை மிதித்து மிதித்து உன் முழங்காலும் அப்பாவின் முழங்கால் மாதிரி ஆக வேண்டாம். ஆட்டோமேட்டிக் சோம்பேறிகளின் வண்டி என்று மாமா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அவர் ஓட்டுவது பொள்ளாச்சி சாலையில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

ஆனால் ஆட்டோமேட்டிக் என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருக்கிற கியர்பாக்ஸ் நான்கு விதம். விற்பவர்கள் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். பழைய வண்டியில் விலை, மைலேஜ், பின்னால் வரும் செலவு எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன.

முதல் வகை டார்க் கன்வர்ட்டர், நம் கிராண்ட் ஐ10 காரில் இருப்பது. சிங்காநல்லூர் மெக்கானிக் எனக்கு அதை விளக்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் போட்டார். அந்தக் காற்றில் மற்றதும் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. "அம்மா, காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான்" என்றார். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் இருப்பதால் குலுங்காமல் கிளம்புகிறது. நான்கே கியர், பழைய காலத்துச் சமாச்சாரம், பெட்ரோல் குடிக்கும். ஊருக்குள் லிட்டருக்குப் பதினொன்று கிடைத்தால் எனக்குத் திருப்தி. மூன்று வருடத்தில் கியர்பாக்ஸுக்கு என்று நான் செய்த செலவு எண்ணெய் மாற்றியது மட்டும்தான்.

இரண்டாவது சி.வி.டி. இதில் கியர் படிகளே இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகுப் பட்டை ஓடுகிறது. கப்பிகள் விரிந்து சுருங்க, வேகம் வழுக்கிக்கொண்டு மாறுகிறது. ஹோண்டா அமேஸ், ஜாஸ், பழைய பலேனோ ஆகியவற்றில் இது உண்டு. நெரிசலில் இதைவிடச் சொகுசு கிடையாது. அழுத்தி மிதித்தால் மட்டும் இன்ஜின் சத்தம் முன்னே போகும், வண்டி பின்னாலேயே வரும். அதற்கென்று உள்ள எண்ணெயைத்தான், சொன்ன கெடுவில் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லாத சி.வி.டி. வண்டியை நான் வாங்க மாட்டேன்.

மூன்றாவது ஏ.எம்.டி. 2014-இல் மாருதி செலேரியோவில்தான் நம் நாட்டுக்கு முதலில் வந்தது. சாதாரண கியர்பாக்ஸ்தான், உன் காலும் கையும் செய்கிற வேலையை ஓர் இயந்திரக் கை செய்கிறது. அதனால் விலை குறைவு, மைலேஜ் அதிகம். கியர் மாறும்போது மட்டும், தூங்கி வழிகிறவர் தலையை ஆட்டுவது போல, வண்டி ஒரு முறை தலையசைக்கும். பழகிவிட்டால் தெரியாது. கிளட்ச் தட்டு அதிலும் உண்டு, அதுவும் தேயும். மேம்பால ஏற்றத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் கிளட்சைக் கருக்கிவிடுவார்கள். இந்த வண்டிகளில் 'பி' (பார்க்கிங்) என்ற நிலை கிடையாது என்பதையும் நினைவில் வை. கியரில் விட்டு, கைப்பிரேக்கைப் போட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

நான்காவது இரட்டைக் கிளட்ச், கியர்களை மாறி மாறிப் பிடிக்க இரண்டு கிளட்ச் உள்ளது. நீ அனுப்பியதில் அந்தச் சிவப்பு வண்டி, தோல் உறை போட்ட இருக்கைகளோடு இருக்கிறதே, அது இந்த வகை. ஓட்ட அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகிற நெரிசலில் கிளட்ச் சூடேறும். பழுதானால் பில் லட்சத்தைத் தொடும். அவ்வளவு பெரிய வண்டி உன் ஐந்து லட்சத்துக்குள் வருகிறதே என்று மாப்பிள்ளை சந்தோஷப்பட்டாராம். அந்த விலைக்கு அதை ஏன் விடுகிறார்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிடு.

இப்போது நம் கதை. உனக்குப் பாதிதான் தெரியும். கிராண்ட் ஐ10-க்கு முன்னால் நான் அட்வான்ஸ் கொடுக்கவிருந்தது வேறொரு வண்டிக்கு. வெள்ளை நிறம், 2014 மாடல், சென்னைப் பதிவெண். உள்ளே மல்லிகை வாசனை கமகமவென்று வந்தது. அப்பா அதிலேயே மயங்கிவிட்டார். மெக்கானிக் எதுவும் பேசாமல் ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். யாரும் வழக்கமாக இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில், காபிக் கறை மாதிரி ஒரு கோடு. விரலால் தேய்த்தார், மாவு மாதிரி உதிர்ந்தது. காய்ந்த சேறு. பிறகு தரைவிரிப்பைத் தூக்கினார். இருக்கையைத் தரையோடு பிணைக்கிற போல்ட்டுகள் நான்கும் துருவேறியிருந்தன. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்தால் அடிக்குழியில் மெல்லிய வண்டல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கழுத்தளவு நின்ற வண்டி அது. விற்க வந்தவரின் முகத்தை நான் பார்த்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூழ்கிய காரில் இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். மின்கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் இன்றைக்கு ஒன்று, அடுத்த மாதம் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக்கில் கியரே அந்தக் கம்பிகளை நம்பித்தான் மாறுகிறது.

நீ இருப்பது வேளச்சேரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று உனக்கே தெரியும். அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பார். ஆகவே எந்த வண்டியாக இருந்தாலும் சீட் பெல்ட்டை முழுக்க இழு. வாசனைத் திரவியம் அதிகம் அடித்திருந்தால் இன்னும் பலமாக இழு.

இன்னொரு தாளும் பேசும். பழைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி, க்ளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி எவ்வளவு என்று பார். ஐந்து வருடம் தொடர்ந்து க்ளெய்ம் இல்லாமல் இருந்தால் அது 50 சதவீதம். ஆறேழு வருட வண்டியில் அது பூஜ்யமாக இருந்தால் நடுவில் க்ளெய்ம் வாங்கியிருக்கலாம், அல்லது புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். ஏன் என்று கேள். அந்தத் தள்ளுபடி வண்டியோடு உனக்கு வராது, விற்றவரோடு போய்விடும். கணக்குப் போடும்போது மாப்பிள்ளை இதை மறந்துவிடப் போகிறார்.

இனி வில்லங்கம். பதிவெண்ணை எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டால், எத்தனையாவது உரிமையாளர், பதிவு எந்தத் தேதி வரை செல்லும், கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். வங்கியின் பெயர் அதில் நின்றால், கடனைக் கட்டிவிட்டேன் என்று வாய்வார்த்தையாகச் சொல்வது செல்லாது. வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-உம் கொடுத்து ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிலிருந்து அந்தப் பெயரை நீக்கிய பிறகுதான் முழுப் பணம். அடமானம் நீங்காத வீட்டை வாங்கி அலைந்தவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! நிலுவை அபராதச் சலான்களையும் விற்பவரே கட்டட்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடு. வண்டி உன்னுடையது, பாலிசி அடுத்தவர் பெயரில் என்று இருந்தால், இடித்துக்கொண்ட அன்றைக்கு உன் வண்டியின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

இரண்டாவது படம், புதுச்சேரி எண் போட்ட சி.வி.டி. வண்டி. விலை குறைவாகத் தெரிவது நிஜம்தான். ஆனால் அங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்டினால் அந்தக் குறைவு எங்கே போனது என்று தெரியாது. உனக்கு அலைய நேரமும் கிடையாது.

மூன்றாவது செலேரியோ, ஒரே உரிமையாளர், 2017 மாடல், 46,000 கிலோமீட்டர். அதைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அழகு குறைவுதான். இருக்கை கொஞ்சம் உயரம், அதனால் அப்பா குனிந்து வளையாமல் ஏறி இறங்க முடியும். அந்த வருடத்து வண்டிகளில் விலை குறைந்த ரகங்களில் சக்கரம் இறுகிப் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இரண்டு ஏர்பேக்கும் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த ரகத்தில் இருக்கிறதா என்று கேட்டுச் சொல். இல்லையென்றால் அதுவும் வேண்டாம். கிலோமீட்டர் எண்ணை அப்படியே நம்பாதே. பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, இருக்கையின் வலது ஓரம் அமுங்கியிருந்தால் அது 46,000 ஓடிய வண்டி இல்லை. சர்வீஸ் ரசீதுகளில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரை வரிசையாகப் படித்துப் பார்.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டுப் பெட்டியைப் போடச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல். பிரேக்கில் கால் வைத்து 'என்' (நியூட்ரல்) நிலையிலிருந்து 'டி' (முன்னே போக), பிறகு 'ஆர்' (பின்னே போக) என்று மாற்றிப் பார். ஒரு நொடிக்குள் பிடிக்க வேண்டும். தொம் என்று அடிக்கவும் கூடாது, யோசித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. ஏதாவது வணிக வளாகத்தின் அடித்தள நிறுத்தத்துக்குப் போய், மேலே ஏறுகிற சரிவின் நடுவில் நிறுத்தி மறுபடி எடு. எவ்வளவு பின்னால் உருள்கிறது, கருகிய வாடை வருகிறதா என்று கவனி. ஏ.சி.யை உச்சி வெயிலில், வண்டி நிற்கும்போது பார். பேட்டரியையும் சோதிக்கச் சொல். ஆட்டோமேட்டிக்கைத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்கிற கதை நடக்காது.

அப்புறம் இடது கால். அதை அப்படியே ஓரமாக வைத்துவிடு. அதற்கு இனி வேலையே இல்லை. முதல் வாரம் கிளட்ச் என்று நினைத்து நான் பிரேக்கை இடது காலால் ஓங்கி மிதித்தேன். அப்பாவின் மடியில் இருந்த பிளாஸ்க் பறந்து கண்ணாடியில் மோதியது. அவிநாசி சாலையில் பின்னால் வந்த லாரிக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

உன் கையில் ஐந்து லட்சம் இருக்கிறது என்றால் நாலரைக்கு மேல் ஒரு ரூபாய் பேசாதே. மிச்சம் ஐம்பதாயிரம் டயருக்கும் எண்ணெய்க்கும் பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். மேலே தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் அந்த வயதுள்ள டயரை மாற்றத்தான் வேண்டும், அதை விலையில் கழிக்கச் சொல்.

சனிக்கிழமை இரவு சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். ஞாயிறு காலை வந்து குளித்துவிட்டு நேரே வண்டி பார்க்கப் போவோம். கையடக்க டார்ச்சும், பட்டி பூசிய இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தமும் மெக்கானிக் கொடுத்தனுப்புகிறார். அப்பாவும் வருகிறேன் என்கிறார். மல்லிகை வாசனைக்கு மயங்குகிறவரை அழைத்து வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். செலேரியோக்காரருக்கு மட்டும் இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடு: நாங்கள் வந்து பானட்டைத் தொட்டு, இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அன்புடன்,
அம்மா